எட்டுப் பக்க நையாண்டி

1647 செப்டம்பர், லண்டன். நாடாளுமன்றத்தோடு நடந்த உள்நாட்டுப் போரில் தோற்ற இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸ் காவலில். அப்போதுதான் 'மெர்க்கூரியஸ் பிராக்மாட்டிகஸ்' என்ற அரச ஆதரவு வார இதழ் திருட்டுத்தனமாக வெளிவந்தது.

மொத்தமே ஒரு தாள்தான். ஒரு முகத்தில் 1, 4, 5, 8ஆம் பக்கங்கள். மறுமுகத்தில் 2, 3, 6, 7. இருமுறை மடித்தால் எட்டுப் பக்கம். அடுக்குவதில் ஒரு பக்கம் மாறினாலும் வாசிப்பு குழம்பிவிடும். முகப்பில் நாலடிப் பாட்டுகள், உள்ளே நாடாளுமன்றத்துக்கும் ராணுவத்துக்கும் வசவு. நாடாளுமன்றப் படைத் தளபதி கிராம்வெல்லின் சிவந்த மூக்கு அரச ஆதரவாளர்களுக்கு அலுக்காத தீனி!

அதே மாதக் கடைசியில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அனுமதியில்லாமல் எழுதினால் 40 ஷில்லிங் அபராதம் அல்லது 40 நாள் சிறை. அச்சடித்தவருக்கு அதில் பாதி, கூடவே அச்சு இயந்திரத்தையும் உடைப்பார்கள். தெருவில் கூவி விற்பவருக்குச் சரக்கும் போய்ச் சவுக்கடியும். அடிமட்டத்தில் இருப்பவன் முதுகுதான் எப்போதும் மலிவு.

இதழ் பிரபலமானதும் அதே பெயரில் போலிகள் முளைத்தன. எது அசல் என்பதே சண்டையானது.

எழுதிய மார்ச்மான்ட் நீடம் யார் தெரியுமா? 1646 வரை நாடாளுமன்றப் பக்கம் நின்று இதே அரசரைத் திட்டியவர். 1650இல், மன்னராட்சி போய் வந்த குடியரசுக்காக 'மெர்க்கூரியஸ் பொலிடிகஸ்' என்ற இதழை நடத்தப் போய்விட்டார்.