பார்டர் தாண்ட பயமா?

"என்ன மாமா, பார்டர் தாண்ட பயமா?"

வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதிய வரி இது. கூடவே இரண்டு சிரிப்பு முகம். பத்துப் பதினொரு பேர் சேர்ந்து சிரித்தார்கள். யாரைக் கேட்டேனோ அந்த மண்டோர், எங்கள் தோட்டத்து மேஸ்திரி, பதில் எழுதவில்லை. பார்த்துவிட்டார் என்பது மட்டும் தெரிந்தது. ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது நினைத்தாலும் அதை எல்லோர் போனிலிருந்தும் அழிக்க முடியாது. அதற்கான நேரம் எப்போதோ தாண்டிவிட்டது.

எல்லைக்கு அந்தப் பக்கம், தாய்லாந்தில் இருக்கும் ஹாட்ஜாய்க்குப் பயணம் எப்படி இருக்கும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ராத்திரி சுங்கை சிப்புட்டில் பஸ் ஏறினால் விடியும்போது மலேசிய எல்லையில் புக்கிட் காயு ஹீத்தாம். இரண்டு இரவு தங்கல், மிதக்கும் சந்தை, சொங்க்லா கடற்கரையில் கடற்கன்னி சிலைக்கு முன்னால் ஒரு படம். ஆளுக்கு 380 வெள்ளி (ரிங்கிட்), அதில் பாதி கம்பெனி. தோட்ட ஆபிஸில் நான்தான் கிராணி, சம்பளக் கணக்கும் ஆள் விவகாரமும் என் கையில் இருப்பதால் பயண ஏற்பாடும் என் தலையில்தான் விழும். இருபத்தேழு பேரில் இருபத்தாறு பேர் பாஸ்போர்ட் நகல் கொடுத்துவிட்டார்கள். மண்டோரிடம் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் "பார்க்கலாம்மா" என்றார். செலவுக்குத் தயங்குகிறார் என்று நினைத்து, குழுவில் விளக்கமாகவே எழுதினேன்: பாஸ்போர்ட்டுக்கு 200 வெள்ளி கட்டினால் போதும், அன்றைக்கே கையில் கொடுத்துவிடுகிறார்கள், யாரும் சாக்கு சொல்லக்கூடாது. அதற்கும் அவரிடமிருந்து பதில் இல்லை. அப்புறம்தான் அந்த வரி.

மறுநாள் காலை பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது) முடிந்து, ஆபிஸில் நான் மட்டும் இருந்த நேரத்தில் வந்தார். பூட்ஸை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தார். மற்ற நாளில் கழற்றமாட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதிலிருந்த ஐசியை, அடையாள அட்டையை, மேசைமேல் கவிழ்த்து வைத்தார். செம்பனை முள் ஏறி நகம் கறுத்திருந்த கட்டை விரலை அதன் மேலேயே வைத்திருந்தார். பிறகு விரலை எடுத்து, அட்டையைத் திருப்பினார். சிவப்பு.

"இதுக்குப் போகலாமா, கிராணியம்மா?"

"முடியாது மாமா."

அவ்வளவுதான் நடந்தது. அவர் "சரி" என்றார். அட்டையை உறையில் போட்டுக்கொண்டார். "நேத்து வந்த உரம் நாப்பது மூட்டைதான். பில்லுல நாப்பத்திரண்டு போட்டிருக்கான், பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கேள்வி என்ன கேள்வி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டாரா? நாற்பது வருஷம் தோட்டத்தில் வேலை செய்த மனிதருக்கு எல்லை தாண்டும் அவசியம் வந்ததே இல்லை, ஒருவேளை முடியும் என்று யாரோ சொல்லியிருக்கலாம். அப்படியென்றால் நான் ஒரு நொடி யோசித்திருக்க வேண்டும். "விசாரிச்சுச் சொல்றேன்" என்றாவது சொல்லியிருக்கலாம். அல்லது எல்லாம் தெரிந்தவர், இனிமேல் நான் கேட்காமல் இருக்கட்டும் என்றுதான் அதைக் காட்டினாரா? அப்படியென்றால் அது கேள்வியே இல்லை. நேற்று நீ சிரித்தாயே, எதைப் பார்த்துச் சிரித்தாய் என்று பார்த்துக்கொள் என்பதுதான் அது. அவர் குரலை எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டு மாதிரியும் கேட்கிறது.

என் பக்கத்தில் சொல்ல எனக்கும் இருக்கிறது. சம்பளப் பட்டியலில் குடியுரிமை இல்லாதவரின் சிவப்பு அட்டைக்கும் குடிமக்களின் நீல அட்டைக்கும் வித்தியாசம் கிடையாது. 60 வயது வரைக்கும் ஈபிஎஃப் சேமநிதி இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் போகிறது. மண்டோருக்கு 57. மூன்று வருஷமாக மாதாமாதம் அவர் பேரைத் தட்டச்சு செய்கிறேன், ஒரு இடத்திலும் அது கண்ணில் படவில்லை. அவர் கோப்பில் இருக்கும் ஐசி நகல்கூட கறுப்பு வெள்ளைதான், நிறம் தெரியாது. இதை நான் பல தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று மத்தியானம் கோப்பை எடுத்துப் பார்த்தபோது, நகலில் எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. எங்களுடையதில் வார்காநெகாரா (குடிமகன்) என்று இருக்கும் இடத்தில் அவருடையதில் பெமாஸ்தாவுத்தின் தெத்தாப். நிரந்தரவாசி. கூடவே மடிப்பு விழுந்த ஒரு சத்தியக் கடிதத்தின் நகல்: தோட்ட லயத்தில் (வரிசை வீட்டில்) மருத்துவச்சி கையில் பிறந்தவர், பிறப்பு பதியப்படவில்லை என்று. அந்தக் கோப்பை அதற்கு முன்னால் நான் திறந்திருக்கிறேன். வங்கிக் கணக்கு எண்ணுக்காகத் திறந்தேன், எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு மூடினேன்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நீலம். அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. சுதந்திரம் கிடைத்த சமயத்தில் தாத்தா ஒரு நாள் ரப்பர் பால்வெட்டை விட்டுவிட்டு, பட்டணம் போய்க் குடியுரிமைக்குப் பதிந்துகொண்டாராம். அந்த நாள் சம்பளம் போனதற்குப் பாட்டி சண்டை போட்டாளாம். பாட்டி இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். அதே லயத்தில் அந்த ஒரு நாளை விட மனமில்லாதவர்களும் இருந்திருப்பார்கள், எதற்குப் பதிய வேண்டும் என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லாதவர்களும் இருந்திருப்பார்கள். 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்றபோது, கிட்டத்தட்ட 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ரஜூலா கப்பலில் போன பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிப் பாட்டி பேசுவாள். போகாமல் இருந்தவர்களைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. என் பாஸ்போர்ட்டில் சென்னை, பாலி, ஹாட்ஜாய் மூன்று முறை.

அன்று சாயங்காலமே நான் முடிவெடுத்துவிட்டேன். ஹாட்ஜாய் வேண்டாம், பங்கோர் தீவுக்குப் போகலாம். மேனேஜரிடமும் மற்றவர்களிடமும் பட்ஜெட் ஒத்துவரவில்லை என்றேன். மண்டோரைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. அது எனக்குப் பெருமையாகவே இருந்தது என்று இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். அவரைத் தலைகுனிய விடாமல் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன்.

ஆனால் அவரிடமும் கேட்கவில்லை. "உங்களுக்காக மாத்தட்டுமா?" என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார், அதனால்தான் கேட்கவில்லை என்பது என் நியாயம். ஆனால் உண்மையில் எனக்கு அந்த வரியிலிருந்து தப்பிக்க வேண்டியிருந்தது, அதற்குத்தான் பஸ்ஸையே திருப்பினேன் என்றும் சில நாள் தோன்றுகிறது. லோரியில் ஏற்றக்கூலிக்குப் போகிற பையன் ஒருவன், இருபத்திரண்டு வயது, என் பேச்சைக் கேட்டு 200 வெள்ளி கட்டி வாழ்க்கையில் முதல் பாஸ்போர்ட் எடுத்திருந்தான். "எப்பக்கா ஹாட்ஜாய்?" என்று இன்றைக்கும் கேட்கிறான். அவனுக்கு நான் செய்தது என்ன?

லுமுட்டில் ஃபெர்ரி ஏறியதும் இதே பேச்சு வந்தது. ஹாட்ஜாய் ஏன் நின்றுபோனது என்று யாரோ கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மண்டோர், "பட்ஜெட் பத்தலையாம். கிராணியம்மா என்ன பண்ணும்" என்றார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என் பொய்யை அவர் சுமந்தது நன்றியிலா, சலிப்பிலா? தெரியவில்லை.

பாசீர் போகாக் ஹோட்டலில் அறைக்கு ஒரு ஐசி கொடுத்தால் போதும் என்றார்கள். நான் முதலிலேயே யோசித்து மண்டோரை லோரி டிரைவர் பேரில் இருந்த அறையில் போட்டிருந்தேன், அவர் அட்டையை வெளியே எடுக்கவே தேவையில்லை. ஆனால் நான் நீல அட்டைகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவரும் வந்து தன்னுடையதை அவற்றின் மேல் வைத்தார். இந்தத் தடவை கவிழ்த்து வைக்கவில்லை.

"உங்களுது ஏன் மாமா சிவப்பு?" என்றான் அந்தப் பையன்.

"குடியுரிமை இல்லடா. கேட்டு பாரம் போட்டிருக்கு, ரெண்டு தடவ" என்றார், பஸ் லேட் என்று சொல்கிற மாதிரி. பையன் "ஓ" என்றான். அப்புறம் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று பேச்சு போய்விட்டது.

மறைக்க வேண்டியது என்று நான் முடிவு செய்ததை அவர் மறைக்கவே இல்லை. அப்படியானால் அன்று காலை ஏன் கவிழ்த்து வைத்தார், ஏன் பூட்ஸைக் கழற்றினார்? அதற்குள் அவர் மாறிவிட்டார் என்றும் சொல்ல முடியாது, இரண்டுக்கும் நடுவில் மூன்றே வாரம்தான்.

பிறகு விசாரித்தேன். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கு என்று தனியாக ஒரு பயணப் பத்திரம் இருக்கிறதாம். அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், மேற்கொண்டு விசாவுக்கும் அலைய வேண்டும். மூன்று வாரத்தில் நடக்கிற காரியமா? பெரும்பாலும் இல்லை. ஆனால் நான் சொன்னது "இந்த தடவை முடியாது" அல்ல. "முடியாது" என்றுதான் சொன்னேன்.

இந்த வருஷம் ஹாட்ஜாய் மறுபடி பட்டியலில் இருக்கிறது. அந்தப் பயணப் பத்திரத்துக்கான விண்ணப்பப் பாரத்தை அச்செடுத்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மண்டோர் தினமும் பெரட்டு முடிந்து உரக் கணக்கோடு வருகிறார். கணக்கை ஒப்படைத்துவிட்டு, "வேற ஏதாச்சும் இருக்காம்மா?" என்பார். இல்லை மாமா என்கிறேன்.