பாண்டியாற்று நீரின் வழியே கடலுக்கு

நீலகிரியில் பெய்யும் மழை எல்லாம் ஒரே கடலுக்குப் போவதில்லை. முக்குருத்திப் பக்கம் பிறக்கும் பைக்காரா, மோயாறாக மாறி, பவானியில் சேர்ந்து, காவிரியோடு வங்கக் கடலை அடைகிறது. தோடர்கள் புனிதமாகப் போற்றும் ஆறு அது. கூடலூர்ப் பக்கத்துப் பாண்டியாறோ மேற்கே இறங்கி, புன்னப்புழையாகிச் சாலியாற்றில் கலந்து, பேப்பூரில் அரபிக் கடலைத் தொடுகிறது. இந்த இரண்டாவது நீர் போகும் திசையிலேயே பயணம் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஊட்டியிலிருந்து காலை பஸ். பைக்காரா வரை பனி. நடுவட்டத்தில் மலேரியா மருந்துக்காக வெள்ளையர் காலத்தில் போட்ட சிங்கோனாத் தோட்டங்களின் மிச்சம் இன்னும் இருக்கிறது. அதன்பின் கொண்டை ஊசி வளைவுகள். ஊசிமலை தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியதாயிற்று. யூகலிப்டஸ் வாடை போய், சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகளும் பலா மரங்களும் வரத் தொடங்கின.

கூடலூரில் ஓர் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தேயிலை பறிப்பவர். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கறை கறுத்து, நகக்கண் வரை ஏறியிருந்தது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம்.

“எங்கே போகிறீர்கள் தம்பி?”

“கடலுக்கு, அம்மா.”

“சின்னப் பிள்ளையாகக் கப்பலில் வந்தபோது பார்த்தது. அதற்கப்புறம் எங்கே பார்க்க? இங்கே மழையைத்தான் பார்க்கிறோம்.”

நாடுகாணியில் இறங்கிக்கொண்டார். இந்த மலையின் தேயிலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர். அதைப் பறிக்கும் கைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. அது எனக்கு வருத்தம்.

நாடுகாணிச் சுரம் என்னும் மலைப்பாதையில் இறங்கினால் கேரளத்து வழிக்கடவு. பிறகு தேக்குக்குப் பேர்போன நிலம்பூர். அங்கே வெட்டிய மரங்களை முன்பெல்லாம் சாலியாற்றிலேயே மிதக்கவிட்டுக் கடற்கரைக்குக் கொண்டுபோவார்களாம். பேப்பூரில் உரு என்னும் மரக்கப்பல்களைக் கட்டும் தொழில் வளர்ந்ததில் இந்த ஆற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

நான் தங்கிய விடுதி பேப்பூர் முகத்துவாரத்துக்கு அருகே, தென்னந்தோப்புக்குள் ஒதுங்கியிருக்கிறது. ஓட்டுக் கூரை, ஏசி இல்லாத சில அறைகள், கிணற்றுத் தண்ணீர், மதியம் மத்திக் குழம்பு. மாலையில் கரையில் நின்று பார்த்தேன். ஆற்றின் செம்மண் நிறமும் கடலின் பச்சையும் கலக்காமல், நடுவே நுரை ஒரு கோடாக ஓடியது. கோட்டின் இந்தப் பக்கம் ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன், லேசான உப்பு. கூடலூர்ப் பக்கத்துத் தேவாலாவில் பெய்த மழையும் அதில் இருந்திருக்கும்.

போக நினைப்பவர்கள் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகு போங்கள். கனமழையில் சுரத்தில் மண் சரியும். கிளம்புமுன் சாலை நிலவரத்தைக் கேட்டுக்கொள்வது அவசியம். யானை நடமாட்டம் உள்ள வழி என்பதால் இருட்டுவதற்குள் சுரத்தை இறங்கிவிடுங்கள்.