கேத்தி ஸ்டேஷனும் மூன்றாம் பிறையும்

ஊட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து கேத்தி ரயில் நிலையம் போய் வர ஒரு டாக்ஸிக்காரர் ஆயிரத்து இருநூறு ரூபாய் கேட்டார். போகும் தூரம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை! "சினிமா எடுத்த இடம் சார், எல்லாரும் குடுக்குறாங்க" என்றார். ஏற்கெனவே சீசன் என்று சொல்லி லாட்ஜில் இரட்டிப்பு வாடகை கறந்திருந்தார்கள். வயிறு எரிந்தது. நேராக ரயில் நிலையத்துக்கு நடந்து, குன்னூர் போகும் மலை ரயிலில் ஏறிவிட்டோம். டிக்கெட் கிட்டத்தட்ட டீ காசுதான். நடுவில் லவ்டேல் மட்டும்தான், அடுத்து கேத்தி.

நாங்கள் எல்லோரும் இயக்குநர் பாலு மகேந்திராவின் பைத்தியங்கள். முந்தின இரவு லாட்ஜில் போர்வைக்குள் குளிரில் நடுங்கியபடி அவருடைய மூன்றாம் பிறையை மறுபடி பார்த்துவிட்டுத்தான் வந்தோம். 1982இல் வந்த படம். ஒளிப்பதிவுக்காக அவருக்கும் நடிப்புக்காகக் கமலுக்கும் தேசிய விருது வாங்கித் தந்தது. அதன் கடைசிக் காட்சியைக் கேத்தியில்தான் எடுத்தார்கள். நினைவிழந்த விஜியை (ஸ்ரீதேவி) பார்த்துக்கொண்ட சீனு (கமல்), பழைய நினைவு திரும்பித் தன்னை மறந்துவிட்டு ரயிலில் போகும் அவளைத் துரத்துகிற காட்சி.

இறங்கினால், சின்னஞ்சிறு ஸ்டேஷன். ஈரமான நடைமேடை, பள்ளத்தாக்கு முழுக்கக் கேரட்டும் முட்டைக்கோசும். எங்களை இறக்கிவிட்ட ரயில் கொஞ்ச நேரம்தான் நின்றது. அது புறப்பட்டதைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்தக் காட்சியே விளங்கியது. மலை ரயில் சட்டென்று வேகமெடுக்காது. அடிபட்ட காலோடு நொண்டிக்கொண்டேகூட ஜன்னல் பக்கத்திலேயே ஓடலாம். விஜிக்குத் தன்னை ஞாபகப்படுத்திவிடலாம் என்று சீனு கடைசி வரை நம்புகிறானே, அந்த நம்பிக்கையைக் கொடுப்பது இந்த ரயிலின் மந்த வேகம்தான். சமவெளி எக்ஸ்பிரஸ் என்றால் அரை நிமிஷத்தில் கதை முடிந்திருக்கும். இடத்தை இப்படிக் கதைக்குள் கொண்டுவர இன்றைக்கு யார் இருக்கிறார்கள்? ட்ரோனைப் பறக்கவிட்டுத் தேயிலைத் தோட்டத்தைக் காட்டினால் ஊட்டி வந்துவிடுமா?

சாப்பாடு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மேலே ரோட்டோரம் ஒரு சின்ன மெஸ். அவரையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு, கொதிக்கக் கொதிக்க. ஆவியில் கண்ணாடி மங்கிப்போனது. மூன்றாவது முறை சோறு கேட்டபோதும் அந்த அக்கா முகம் சுளிக்கவில்லை. அப்புறம் டீயில் நனைத்த வர்க்கி பிஸ்கட். ஊட்டியில் மெனு கார்டு நீட்டும் ஓட்டல்கள் பக்கம் போகவே போகாதீர்கள்.

சாப்பிடும்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது. சில்க் ஸ்மிதா வரும் பகுதி படத்துக்குத் தேவையே இல்லை, 'பொன்மேனி உருகுதே' வியாபாரத்துக்காகச் சேர்த்தது என்பது என் கட்சி. கூட வந்த நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆசைன்னா என்னன்னு அந்தப் பொம்பளைகிட்டத்தான் டைரக்டர் காட்டுறாரு. அது இல்லாட்டி சீனு விஜிகிட்ட எவ்வளவு கட்டுப்பாடா இருக்கான்னு எப்படித் தெரியும்?" என்றார். சரி, அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பாட்டு நீளம்தான், அதில் நான் இறங்கி வரமாட்டேன்.