600 ஆடுகளும் மூன்று சீட்டுகளும்: இணையத்தில் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பார்த்தது

நாலு மாதமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். பகலில் கணக்கு எழுதும் வேலை. சமூக அறிவியலில் இணையம் வழியாகக் கருத்துக்கணிப்பும் பரிசோதனையும் எப்படி நடத்துகிறார்கள் என்று ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததெல்லாம் கையில் நிற்கவில்லை. சரி, ஒன்றைச் செய்தே பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன்.

எடுத்துக்கொண்டது டுவர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1981-இல் வெளியிட்ட பழைய பரிசோதனை. ஒரு நோய் வருகிறது, 600 பேர் இறந்துபோகக்கூடும். ஒரு குழுவிடம் இப்படிக் கேட்டார்கள்: முதல் திட்டத்தில் 200 பேர் பிழைப்பார்கள், இரண்டாவதில் 600 பேரும் பிழைக்க மூன்றில் ஒரு வாய்ப்பு, யாருமே பிழைக்காமல் போக மூன்றில் இரண்டு வாய்ப்பு. எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? 72 சதவீதம் பேர் முதல் திட்டத்தை எடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதே கணக்கைச் சாவின் பக்கமிருந்து சொன்னார்கள்: முதல் திட்டத்தில் 400 பேர் இறப்பார்கள், இரண்டாவதில் யாரும் இறக்காமலிருக்க மூன்றில் ஒரு வாய்ப்பு, எல்லோரும் இறக்க மூன்றில் இரண்டு. இப்போது 78 சதவீதம் பேர் இரண்டாவதுக்குப் போய்விட்டார்கள். எண் மாறவில்லை, சொல் மட்டும் மாறியது. 36 குழுக்களில் மொத்தம் 6,344 பேரை வைத்து சில பழைய பரிசோதனைகளைத் திரும்பச் செய்து 2014-இல் வெளியிட்டபோதும் இது நின்றது, அளவு மட்டும் குறைந்தது. இதையே தமிழில் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இணையத்தில் கேள்விப் படிவம் செய்ய உதவும் கூகுள் ஃபார்ம்ஸில் ஆரம்பித்தேன். அதில் ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரிக்கும் வசதி கிடையாது. ஆனால் ஒரு கேள்விக்குத் தரும் பதிலைப் பொறுத்து வேறு வேறு பகுதிக்கு அனுப்ப முடியும். அதனால் பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று முதலில் கேட்டு, அதன்படி பிரித்தேன். வருடத்தில் ஒற்றைப்படைத் தேதிகள் 186, இரட்டைப்படை 179. இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டேன், கோளாறு வேறு இடத்தில் இருந்தது. நம் ஊரில் பெரியவர்கள் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு வாத்தியார் எழுதிக்கொண்டதுதான் பிறந்த தேதி. ஜூன் 1, ஜூன் 5, மே 15 என்று. எனக்கு வந்த பதில்களில் வயதானவர்கள் ஒற்றைப்படைப் பக்கம் கூடிவிட்டார்கள். இனி இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரிந்தால் அது கேள்வியின் சொல்லால் வந்ததா, வயதால் வந்ததா?

கருத்துக்கணிப்புக்கும் பரிசோதனைக்கும் உள்ள வேறுபாடு எனக்கு உறைத்தது இந்த இடத்தில்தான். 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைக் கையில் வைத்துக்கொண்டு லாண்டன் ஜெயிப்பார் என்று சொன்னது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட். பதில் அனுப்பியவர்கள் நாட்டைப் போல இல்லை. என் உறவினர்களும் நண்பர்களும் தமிழ்நாட்டைப் போல இல்லை என்பதும் அப்படித்தான். ஆனால் நான் கேட்பது ‘தமிழர்களில் எத்தனை சதவீதம்’ என்பதல்ல, ‘சொல்லை மாற்றினால் பதில் மாறுகிறதா’ என்பது. அதற்கு ஆட்கள் யாராக இருந்தாலும், குழு பிரிப்பது மட்டும் சுத்தமான குலுக்கலாக இருந்தாக வேண்டும்.

அதனால் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் பத்து வரியில் ஒரு இணையப் பக்கம் எழுதி, கிட்ஹப் தளத்தில் இலவசமாக வைத்தேன். இணைப்பைத் தொட்டதும் அது பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஓர் எண்ணை எடுக்கும். அரைக்குக் கீழே என்றால் ஒரு படிவம், இல்லாவிட்டால் மற்றது. ஒரே போனில் திரும்பத் திறந்தால் முதலில் வந்த படிவமே வரும்படி நினைவில் வைத்துக்கொள்ளவும் செய்தேன்.

அப்புறம் செய்த தப்புதான் பெரிய தப்பு. குடும்ப வாட்ஸப் குழுவில் இணைப்பைப் போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் மச்சான் கேள்வியைப் படமெடுத்துப் போட்டு, “200 பேர காப்பாத்துறதுதானே சரி?” என்கிறார். சித்தப்பா, “எனக்கு அப்படி வரலையே, 400 பேர் சாவாங்கன்னுல்ல வந்துச்சு” என்கிறார். ராத்திரி பதினோரு மணி வரை விவாதம். அந்தச் சுற்றில் வந்த 57 பதில்களையும் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்க வேண்டியதாயிற்று, மனசு வலித்தது. அதற்கப்புறம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் அனுப்புகிறேன், முடியும்வரை யாரிடமும் பேச வேண்டாம் என்ற ஒரு வரியோடு.

இந்த நாலு மாதத்தில் நான் கற்றதில் பாதியை ஒரே சாயங்காலத்தில் அத்தை கற்றுக்கொடுத்தார். பதிலளிப்பவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, மனதில் ஓடுவதையும் சொல்லச் சொல்வது இந்தத் துறையில் பழைய பழக்கம். நான் அதைச் செய்யாமல் விட்டிருந்தேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து வாசித்தார்: “மூன்றில் ஒரு பங்கு நிகழ்தகவில் 600 பேரும் காப்பாற்றப்படுவர்.” நிறுத்தினார். விரலை மடக்கினார். “ஏய்யா, அறுநூத்துல மூணுல ஒண்ணுன்னா இருநூறுதானே? ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. இதுல என்னத்த தேர்ந்தெடுக்க?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் கணக்கில் தப்பே இல்லை. ‘மூன்றில் ஒரு பங்கு’ என்றால் தமிழ்க் காதுக்கு அது கூறு போடுவது, நெல்லையோ நிலத்தையோ பிரிப்பது. வாய்ப்பு என்ற எண்ணமே அதில் வரவில்லை. ‘நிகழ்தகவு’ பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்ட சொல். இப்படி எத்தனை பேர் இரண்டும் ஒன்றென்று நினைத்து ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டுப் போயிருப்பார்கள்! வந்த விரிதாளில் அது தெரியவே தெரியாது.

அத்தை அதோடு விடவில்லை. “சரி, இருநூறு பேர் பிழைச்சாங்க. மீதி நானூறு பேர் என்ன ஆனாங்க? எழுதலையே” என்றார். இதே சந்தேகத்தை ஆய்வாளர்களும் எழுப்பியிருக்கிறார்கள் என்று அப்புறம் தேடியபோது கண்டேன். டேவிட் மேண்டல் என்பவர் 2014-இல், ‘200 பேர்’ என்பதைப் படிப்பவர்கள் ‘குறைந்தது 200 பேர்’ என்று எடுத்துக்கொள்ளக்கூடும் என்று வாதிட்டிருக்கிறார். கல்லிடைக்குறிச்சித் திண்ணையில் ஐந்து நிமிடத்தில் அத்தை அங்கே போய் நின்றுவிட்டார்.

அன்றைக்கே கேள்வியைத் திருத்தினேன். “மூன்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுப்பது மாதிரி. ஒரு சீட்டு வந்தால் 600-உம் பிழைக்கும். மற்ற இரண்டில் எது வந்தாலும் ஒன்றுகூடப் பிழைக்காது.” திருவுளச்சீட்டு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரிகிறது. மூலக் கேள்வியிலிருந்து விலகுகிறது, தெரியும். புரியாத கேள்வியை அப்படியே கேட்பதைவிட இது மேல் என்று நினைக்கிறேன்.

‘பிழைக்கும்’ என்று அஃறிணையில் எழுதியதற்கும் காரணம் உண்டு. இரண்டாவது சுற்றில் கடைசிப் பெட்டியில் ஒருவர் எழுதியிருந்தார்: 2021-இல் அப்பாவைப் பறிகொடுத்தேன், இந்தக் கேள்வியைப் பாதியில் மூடிவிட்டு மறுநாள்தான் முடித்தேன் என்று. பெயர், மின்னஞ்சல், எண் எதையும் வாங்கக்கூடாது என்று நான் தீர்மானித்திருந்ததால், அவர் யாரென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. பல்கலைக்கழகத்தில் செய்திருந்தால் ஒரு நெறிமுறைக் குழு இதை முன்கூட்டியே பார்த்திருக்கும். தனியாகச் செய்கிற நமக்கு அந்தக் காவல் இல்லை, நாமேதான் யோசிக்க வேண்டும். மனிதர்களை எடுத்துவிட்டு 600 ஆடுகள் ஆக்கினேன். ஆடு வளர்க்கும் நண்பர் ஒருவர் வாசித்துவிட்டு, “நோய் வர்றதுக்கு முன்னாடி வித்துடலாமே” என்றதால், விற்க முடியாது என்று ஒரு வரியும் சேர்த்தேன். முதல் பக்கத்தில் எதற்காகக் கேட்கிறேன், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றும், கடைசிப் பக்கத்தில் இரண்டு விதக் கேள்வி இருந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

எத்தனை பேர் வேண்டும் என்பதையும் இந்த முறை முதலிலேயே கணக்குப் போட்டேன். 1981-இல் முதல் திட்டத்தை எடுத்தவர்கள் ஒரு குழுவில் 72 சதவீதம், மற்றதில் 22. அந்த 50 புள்ளி வித்தியாசம் இருந்தால், அதைக் கண்டுபிடிக்கக் குழுவுக்கு 15 பேரே போதும். அது அவ்வளவு பெரிதாக இருக்காது. ஒரு குழுவில் 60 சதவீதம், மற்றதில் 30 என்று இருந்தால் குழுவுக்கு 42 பேர், 65-உம் 50-உம் என்றால் 170 பேர் வேண்டும். அவ்வளவு பேரைச் சேர்க்க என்னால் ஆகாது. குழுவுக்கு 45 என்று முடிவு செய்து, யாருடைய பதிலை நீக்குவேன், எந்தக் கணக்கைப் போடுவேன் என்பதையெல்லாம், ஆய்வுத் திட்டங்களைப் பதிந்துவைக்கும் ஓஎஸ்எஃப் தளத்தில் முன்கூட்டியே எழுதிப் பதிந்துவிட்டேன். பாதியில் எட்டிப் பார்த்து, நமக்குப் பிடித்த இடத்தில் நிறுத்திவிடக்கூடாது அல்லவா.

நேற்று ராத்திரி வரை 61 பதில். விரிதாளை மகள்தான் திறக்கிறாள், எண்ணிக்கையை மட்டும் சொல்வாள். அத்தை தினமும் போன் போட்டு, “எந்தப் பக்கம் ஜாஸ்தி?” என்று கேட்கிறார். 90 வந்ததும் முதலில் உங்களுக்குத்தான் அத்தை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.