காதலை விழுங்கிய வெள்ளம்

நேற்றிரவு தூக்கம் வராமல் ‘தி வின்னிங் ஆஃப் பார்பரா வொர்த்’ பார்த்தேன். 1926இல் ஹென்றி கிங் இயக்கிய மௌனப் படம். பாலைவனம் பெற்றோரை விழுங்கிவிட, அநாதையான குழந்தையை ஜெபர்சன் வொர்த் எடுத்து வளர்க்கிறார். அவள் வளர்ந்ததும் இருவர் காதலிக்கிறார்கள்: நகரத்திலிருந்து வந்த பொறியாளர் ரொனால்ட் கோல்மன், உள்ளூர்க்காரன் கேரி கூப்பர்.

நாயகன் கோல்மன்தான். ஆனால் என் கண் கூப்பரை விட்டு அகலவில்லை. அதுவரை துணை நடிகர் கூட்டத்தில் குதிரையோட்டிக்கொண்டிருந்தவர். அந்த நெடிய உடம்பு சும்மா நின்றாலே ஏக்கம் தெரிகிறது. பார்பராவின் தேர்வில் எனக்கு உடன்பாடே இல்லை!

பார்பராவாக நடித்த வில்மா பாங்கி ஹங்கேரிக்காரர். மௌனப் படத்தில் உச்சரிப்பை யார் கேட்கப்போகிறார்கள்?

காதலைவிட மிரட்டியது வெள்ளம்தான். அதற்குப் பின்னால் உண்மைக் கதை இருக்கிறது. கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்குப் பாசனத்துக்காக வெட்டிய வாய்க்காலை 1905இல் கொலராடோ ஆறு உடைத்துக்கொண்டு பாய்ந்தது. 1907இல்தான் அடைத்தார்கள். அதற்குள் பள்ளத்தில் ஓர் ஏரியே உருவாகிவிட்டது. சால்ட்டன் கடல் என்கிறார்கள். இன்றும் இருக்கிறது.

படம் பிடித்தது என்னவோ நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில். அந்தப் புழுதியைப் பார்த்தே இரண்டு செம்பு தண்ணீர் குடித்தேன்.