890-இல் தொடங்கினால் உள்நாட்டுச் சரக்கா? காரைக்குடியில் மளிகை வாங்குவோருக்கு

உள்நாட்டுச் சரக்கையே வாங்க நினைத்து, பொட்டலத்தைத் திருப்பி, பார்கோடு 890 என்று தொடங்குகிறதா என்று பார்த்துப் பையில் போடுகிறவர்கள் நிறையப் பேர். 890 என்றால் இந்தியாவில் தயாரானது என்று வாட்ஸ்அப்பில் பல வருஷமாகச் சுற்றும் இந்த யோசனை தவறு. பார்கோடு வாங்கிய நிறுவனம், அந்த எண்களை வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பின் இந்தியக் கிளையில் பதிந்திருக்கிறது என்பது மட்டுமே அந்த எண்ணுக்குப் பொருள். சரக்கு எங்கே தயாரானது என்று அது சொல்லாது. கப்பலில் வந்திறங்கிய டார்ச் லைட்டிலும் 890 இருக்கலாம். ஐஎஸ்ஐ முத்திரையும் அப்படித்தான். வெளிநாட்டு ஆலைகளுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் அந்த உரிமத்தைக் கொடுக்கிறது. தரத்துக்குத்தான் அது சாட்சி.

படிக்க வேண்டியது முகவரி வரியை. 'மேனுஃபாக்சர்ட் பை' என்று இந்திய ஊரும் பின்கோடும் இருந்தால் இங்கே தயாரானது. 'மார்க்கெட்டட் பை' என்றால் விற்பவர் முகவரி, 'பேக்டு பை' என்றால் பொட்டலம் கட்டியவர் முகவரி. இந்த இரண்டு மட்டும் இருந்தால் சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, இறக்குமதிப் பொருளில் எந்த நாட்டுச் சரக்கு என்று அச்சிட்டே ஆக வேண்டும். இணையக் கடைகளும் அதைக் காட்ட வேண்டும் என்கின்றன 2020 மின்வணிக விதிகள். காட்டாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

பிராண்டின் பெயரை வைத்து முடிவு செய்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. வெளிநாட்டு நிறுவனத்தின் சோப்பு நம் ஊர் ஆலையில் தயாராகிறது. நம் ஊர்ப் பெயர் போட்ட பவர் பேங்க் சீனாவில் தயாராகி வருகிறது. கூலி யாருக்குப் போகிறது என்று பார்த்தால் முன்னதுதான் நமக்கு நெருக்கம். மின்சாதனத்தில் முழு உள்நாட்டுச் சரக்கைத் தேடி அலைய வேண்டாம். எல்இடி பல்பு இங்கே பொருத்தப்பட்டாலும் உள்ளிருக்கும் சிப் பெரும்பாலும் இறக்குமதி. பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் செல்களும் அப்படியே. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியில் அதைப் பற்றி ஆராய்ச்சி நடந்துவருகிறது என்றாலும் கடையில் இன்றைய நிலை இதுதான்.

துணியில் நமக்குக் கவலை குறைவு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை காரைக்குடியிலேயே நெய்யப்படுகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் கைத்தறி முத்திரைச் சீட்டோடு வாங்குங்கள். கரையின் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துணியை அகலம் மாறாமல் இழுத்துப் பிடிக்கும் குச்சியின் ஊசித் துளைகள், கைத்தறியில் விட்டுவிட்டு, கொத்துக் கொத்தாகத் தெரியும். விசைத்தறியில் ஒரே சீராக ஓடும். விசைத்தறிச் சேலையும் உள்நாட்டுச் சரக்குதான். கைத்தறி விலைக்கு அதை வாங்காமல் இருந்தால் போதும். பட்டில் மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும்: சில்க் மார்க் சீட்டு அசல் பட்டு என்பதற்கே உத்தரவாதம். நூல் சீனப் பட்டாகவும் இருக்கலாம்.

உண்மையில் வெளிநாடு நம் வீட்டுக்குள் வரும் பெரிய வழி அடுப்படிதான். முதல் இடம் எண்ணெய்க்கு. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்தும், சூரியகாந்தி எண்ணெய் பெரும்பாலும் ரஷ்யா, உக்ரைன், அர்ஜென்டினாவிலிருந்தும் வருகின்றன. உள்நாடு வேண்டுமென்றால் கடலை, நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று மாறுவதே வழி. செக்கில் ஆட்ட, 1 லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். இந்தக் கணக்கு கலப்படத்தையும் காட்டிக்கொடுக்கும். இரண்டேகால் கிலோ பருப்பின் விலையிலிருந்து, ஒன்றேகால் கிலோ அளவில் மிஞ்சும் புண்ணாக்கின் விலையைக் கழித்துக் கூலியைச் சேருங்கள். 'மரச்செக்கு' என்று போர்டு போட்ட கடையில் எண்ணெய் அதைவிட மிகக் குறைவாக விற்றால், வேறு எண்ணெய் கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

பருப்பைக் கையில் தேய்த்தால் தோல் தானாக உதிர வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் குறைவாக இறங்கும், தாளிக்கும்போது நுரைக்கும். ஆட்டிய எண்ணெயை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, மேலே துணி கட்டி, இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்து, தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். அடிக்கசடோடு கேனில் அடைப்பதால்தான் ஒரு மாதத்தில் சிக்கு வாடை அடிக்கிறது. செக்கு எண்ணெய் கெட்டுவிடும் என்ற பேச்சு வந்ததும் இதனால்தான்.

அடுத்தது வாசனைச் சரக்கு. செட்டிநாட்டுக் குழம்பு என்று பெருமையாகச் சொல்கிறோம். அதில் போடும் அன்னாசிப்பூ பெரும்பாலும் வியட்நாம், சீனச் சரக்கு. தடித்த பட்டையும் அந்தப் பக்கத்திலிருந்தே வருகிறது. இறக்குமதியாகும் கசகசாவில் பெரும்பங்கு துருக்கியுடையது. பெருங்காயப் பால் ஆப்கானிஸ்தான், ஈரான் பகுதிகளிலிருந்து வந்து, இங்கே மாவும் பிசினும் சேர்த்துக் கட்டியாகிறது. இமாசலத்தின் லாஹௌல் பகுதியில் 2020-இல்தான் பெருங்காயச் செடி நட்டார்கள். உள்நாட்டுச் சரக்கே வேண்டும் என்ற கட்டுப்பாட்டிலிருந்து இவற்றுக்கு விலக்குக் கொடுத்துவிடுங்கள். இவை இல்லாமல் குருமா வைக்கச் சொல்ல மனம் வரவில்லை.

கிராம்புக்கு மட்டும் விலக்கு தேவையில்லை. கன்னியாகுமரி மலைத் தோட்டங்களின் கிராம்பு புவிசார் குறியீடு பெற்றது. வாங்கியதும் நாலைந்தைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்லது மூழ்கும், அல்லது மொட்டு மேலாக நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் எடுத்த சக்கை படுத்து மிதக்கும். தரத்தைத்தான் இது காட்டும், ஊரை அல்ல. ஊருக்குக் கடைக்காரரின் பில்லே ஆதாரம். ஏலக்காய்க்குப் போடிநாயக்கனூர் ஏலத்தில் எடுத்த இடுக்கிச் சரக்கா, மிளகுக்குக் கொல்லிமலையா என்று கேளுங்கள். கேட்கிறவர்கள் இருந்தால்தான் கடைக்காரர் பிரித்து வைப்பார். சோம்புக்குக் கேட்கவே வேண்டாம், அது குஜராத், ராஜஸ்தான் விளைச்சல்.

பருப்பு வகையில் மைசூர்ப் பருப்பு கனடா, ஆஸ்திரேலியாவிலிருந்து நிறைய வருகிறது. துவரை கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் பர்மாவிலிருந்தும், உளுந்து பர்மாவிலிருந்தும் நிறைய வருகின்றன. சில்லறையில் நிறுத்துக் கொடுப்பதில் முகவரி இருக்காது. "அண்ணே, மூட்டையில தச்சிருக்கிற சீட்டக் காட்டுங்க" என்று கேட்டால் காட்டுவார்கள். நாட்டின் பெயர் பெரும்பாலும் அதில் இருக்கும். துவரைக்குக் கலபுரகிச் சரக்கு கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கும் புவிசார் குறியீடு உண்டு.

உளுந்துக்கு ஒரு பருவம் இருக்கிறது. தஞ்சைப் பக்கம் சம்பா, தாளடி அறுத்த ஈரத்தில் விதைப்பது பங்குனி வாக்கில் அறுவடையாகும். அப்போது ஒரு வருஷத் தேவையை முழுக் கருப்பு உளுந்தாக வாங்கலாம். இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, சூடு முழுதும் ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு மாதம் கழித்து மறுபடியும் காயவைக்க வேண்டும். வண்டு முட்டை வயலிலேயே ஒட்டிக்கொண்டு வரும், பொரிந்து வண்டாக வெளிவர அத்தனை நாளாகும். இந்த இரண்டாவது வெயிலை விட்டுவிட்டு, ஆடியில் டப்பாவைத் திறந்து மாவாகக் கிடக்கிறதே என்று வருந்துகிறவர்கள்தான் அதிகம்.