காலையில் கரைத்த குளுக்கோஸ்

எம்.எஸ்சி. கடைசி வருடத்தில் எனக்கு வாய்த்த ப்ராஜெக்ட், ஆக்சிஜன் குறைவதை வைத்துக் குளுக்கோஸை அளக்கும் ஒளி உணரி. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி குளுக்கோஸோடு வினைபுரியும்போது பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனைச் செலவழித்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். ஆக்சிஜன் செலவு தெரிந்தால் குளுக்கோஸ் கணக்கு தெரியும். அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் 1962-லேயே மின்முனையை வைத்து முன்வைத்த யோசனைதான். மின்முனை அளக்கும்போதே கொஞ்சம் ஆக்சிஜனைத் தானும் தின்னும், ஒளிரும் சாயம் தின்னாது என்று சொல்லி மேடம் இதைக் கொடுத்தார்.

சாயம் ருதேனியச் சேர்மம். நீல எல்.இ.டி. பட்டால் செம்மஞ்சளாக ஒளிரும். ஆக்சிஜன் மூலக்கூறு வந்து மோதினால் ஒளிராமலே ஆற்றலை இழந்துவிடும். அதனால் ஆக்சிஜன் குறையக் குறைய வெளிச்சம் கூடும். இது மண்டையில் ஏறுவதற்குள் இரண்டு வரைபடங்களைத் தலைகீழாக வரைந்துவிட்டேன்.

சாயத்தைச் சிலிக்கா ஜெல் பொடியில் ஏற்றி, சிலிக்கோன் பசையில் குழைத்துக் கண்ணாடியில் தடவினேன். அறை முழுக்க வினிகர் வாடை. காய்ந்ததும் சோடியம் சல்ஃபைட் கரைசலில் முக்கினால் பூஜ்ஜிய ஆக்சிஜன், காற்றைக் குமிழ்விட்ட தண்ணீரில் முக்கினால் முழு அளவு. இதுவரை சிக்கல் இல்லை.

நொதிதான் படுத்தியது. அல்புமின் என்ற புரதத்தோடு கலந்து, அதை இறுக்கும் குளுட்டரால்டிஹைடு விட்டு, படலத்தின் மேல் இறுகவிட்டேன். மறுநாள் வெந்த தோசை கல்லைவிட்டு எழுவதுபோல முழுசாக உரிந்து வந்தது. மூன்று வாரம் இதே கதை. கடைசியில் சீனியர் அக்கா பார்த்துவிட்டு, “சிலிக்கோன் மேல எதுடா ஒட்டும்? ஒட்டாத, கட்டு” என்றார். நொதியை நைலான் வலையில் இறுகவிட்டு, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போட்டு உணரியின் முனையில் கட்டினோம். ஒரு சாயங்காலத்தில் முடிந்த வேலை.

அப்புறம்தான் பைத்தியம் பிடிக்கவைத்த பிரச்சினை. காலையில் குளுக்கோஸைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, அமிலத்தன்மை மாறாமல் காக்கும் பஃபர் கரைசலில் கொஞ்சம் விட்டு அளந்தால் சிக்னல் சின்னதாக வரும். நிலைக்கவும் செய்யாது, மெல்ல ஏறிக்கொண்டே போகும். அதே பாட்டிலை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அளந்தால் நன்றாகக் கூடியிருக்கும்.

வெப்பநிலையைச் சந்தேகித்தேன். நியாயமான சந்தேகம்தான்: 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் 7.5-க்கு இறங்கிவிடும், சாயத்தின் ஒளிர்வும் சூட்டுக்கு மாறும். வாட்டர் பாத்தில் வைத்தும் பார்த்தேன், மாறவில்லை. முனைக்கடியில் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்தேன். நொதி சாகிறதோ என்றால், செத்தால் சிக்னல் குறையத்தானே வேண்டும்?

மேடத்திடம் போய் நின்றேன். நோட்டைக்கூட வாங்கவில்லை.

“குளுக்கோஸை எப்பக் கரைச்சே?”

“காலைலதான் மேடம், ஃப்ரெஷ்ஷா.”

“அதான் தப்பு.”

குளுக்கோஸ் மூலக்கூறுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வடிவங்கள். கடையில் வாங்கும் படிகக் குளுக்கோஸ் ஆல்ஃபா வடிவம். இந்த நொதிக்கு வேண்டியது பீட்டா மட்டும். தண்ணீரில் கரைத்தபின் ஆல்ஃபா மெதுவாகப் பீட்டாவாக மாறி, சில மணி நேரத்தில் ஆல்ஃபா சுமார் 36-க்குப் பீட்டா 64 என்ற விகிதத்தில் நிற்கும். மியூட்டாரொட்டேஷன். இளங்கலையில் படம் போட்டு மதிப்பெண் வாங்கிய பாடம்! நான் ஒரு மாதமாக அளந்துகொண்டிருந்தது உணரியின் கோளாறை அல்ல, அந்த மாற்றத்தை. முதல் நாள் இரவே கரைத்து வைத்த பாட்டில், காலையிலும் மாலையிலும் ஒரே எண்ணைக் கொடுத்தது.

இன்னொரு மட்டுப்பாட்டை என்னால் தாண்ட முடியவில்லை, சுற்றிப் போனேன். சர்க்கரை 100 என்று லேப் ரிப்போர்ட்டில் பார்க்கிறோமே, அது லிட்டருக்கு 5.5 மில்லிமோல். காற்று நிறைந்த தண்ணீரில் ஆக்சிஜன் 0.26 மில்லிமோல்தான். ஆக்சிஜன் தீர்ந்ததும் வரைகோடு படுத்துவிடும். குளுக்கோஸைக் கொஞ்சமாகவும் ஆக்சிஜனைத் தாராளமாகவும் விடும் பாலியூரித்தேன் உறை போடலாம். எனக்கு அது சீராக வரவில்லை. மாதிரியை நீர்க்கவைத்து அளந்தேன்.

வைவாவில் வெளித் தேர்வாளர் அதைத்தான் பிடித்தார். “ரத்தத்துல நேரா வைக்கலாமா?”

“இருபது மடங்கு நீர்க்கவச்சா வைக்கலாம் சார்.”

“ரத்தத்துல கேட்டலேஸ்னு ஒரு நொதி இருக்கே, பெராக்சைடை உடைச்சுப் பாதி ஆக்சிஜனைத் திருப்பிக் குடுத்துடுமே?”

அதை நான் யோசித்தே இருக்கவில்லை. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.